அபின் முதல் குடு வரை: விட்டுவிடுதலின் வரலாறு

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் குச்சவெளிக் கரையில் படகுகள் வரிசையாகக் கிடந்த காலம். கடலுக்குப் போகாத பொடியன்களின் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. என் ராத்தாவின் மூத்த மகனுக்கு அப்போது 24 வயது. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவனாகவே வந்து உம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"இனி வேணாம் உம்மா. என்னய அறைக்குள்ள போட்டுப் பூட்டுங்க. மூணு நாள் தாங்கிட்டா சரியாம்."

பூட்டு வாங்கி வந்தவன் நான்.

மூன்று நாட்களும் ராத்தா கதவுக்கு வெளியே பாய் விரித்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தா. உள்ளே அவன் வாந்தி எடுப்பதும், சுவரில் காலால் அடிப்பதும், கெஞ்சுவதும் கேட்டன. "தொறக்காதீங்க ராத்தா, இதுதான் சோதனை" என்று சொன்னவனும் நான்தான். மூன்றாம் இரவு கெஞ்சல் நின்று வேறொரு சத்தம் வந்தது. திறந்து பார்த்தபோது உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம்.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு புல்மோட்டை வீதியால் தெற்கே ஓடினோம். இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டாவது வலிப்பு வந்தது. குச்சவெளியிலிருந்து திருகோணமலை நகரம் சுமார் 35 கிலோமீற்றர். அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். ஏன் குடித்தான், யாரிடம் வாங்கினான் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "கடைசியா எப்ப எடுத்தவர்? என்னென்ன எடுத்தவர்?" என்றுதான் கேட்டார். குடு என்றோம். "வேற?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. கூட வந்த இளைய மருமகன் தலையைக் குனிந்துகொண்டு நித்திரைக் குளிசைகளையும் பிரிகாபலின் கப்சூல்களையும் பற்றிச் சொன்னான்.

"குடுவ திடீரெண்டு விட்டா ஆள் துடிப்பார், ஆனா வலிப்பு வாறது குறைவு. இந்தக் குளிசையள திடீரெண்டு விட்டா வலிப்பு வரும். உயிரும் போகலாம். நீங்க எல்லாத்தையும் ஒரே நாளில நிப்பாட்டியிருக்கிறீங்க ஐயா."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'நீங்க' என்ற சொல் என்னை விட்டுப் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவன். மனிதன் இந்தப் பொருட்களை ஆயிரம் ஆண்டுகளாகத் தின்றும் குடித்தும் வந்திருக்கிறான் என்றால், விடுவது எப்படி என்பதையும் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே என்ற எண்ணம் அந்த வார்ட்டின் வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. இக்கட்டுரை அந்தத் தேடலின் பயன்.

*

நாம் அபின் என்று சொல்வது அரபியில் அஃப்யூன். கிரேக்கச் சொல்லொன்றே அரபியின் வழியாக நம் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொல்லோடு அறிவும் பயணம் செய்தது. இப்னு ஸீனா தனது அல்கானூன் நூலில் அபினை வலி போக்கும் மருந்தாகக் குறிப்பிட்டு, அதன் கொல்லும் தன்மையையும் எச்சரித்தார். அவரது சமகாலத்தவரான அல்பிரூனி, மருந்துப் பொருட்கள் பற்றித் தன் இறுதிக் காலத்தில் எழுதிய கிதாபுஸ் ஸைதனாவில் இன்னும் கூர்மையான ஒன்றைப் பதிவு செய்தார். வெப்பம் மிகுந்த நாடுகளில், குறிப்பாக மக்காவில், சிலர் களைப்பும் கவலையும் தீர நாளாந்தம் சிறிதளவு அபின் உண்ணத் தொடங்கி, புதியவனைக் கொல்லக்கூடிய அளவுவரை மெல்ல மெல்ல உயர்த்திக்கொள்கிறார்கள் என்பது அது. இன்றைய மருத்துவம் இதைத் தாங்குதிறன் என்று அழைக்கிறது. உடம்பு பழகிக்கொள்கிறது, பழகிய உடம்பு பிறகு அதைக் கேட்கிறது.

விடும் முறையை எழுதியவர் 16 ஆம் நூற்றாண்டுப் பாரசீகத்து வைத்தியர் இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸி. அவரது நூலின் பெயரே அஃப்யூனிய்யா. ஓர் ஆளுநர் அவர்மேல் கோபம் கொண்டு ஓர் இரவு முழுவதும் பனியில் நிற்கவைத்ததாகவும், குளிரைத் தாங்க அவர் பெருமளவு அபின் உண்டதாகவும், உயிர் தப்பினாலும் நடுக்கம் சாகும்வரை அவரை விடவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அவரும் அபினுக்கு அடிமைப்பட்டிருந்தவர். ஆகவே அந்நூல் அடுத்தவனுக்குச் செய்யும் உபதேசமாக இல்லை. அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதையும், கேடு குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வைப்பதையும் அவர் எழுதினார். இன்றைய வைத்தியசாலைகளின் இரண்டு பிரதான வழிகளும் இவையே.

முகலாய அரண்மனையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்புகளில் தன்னைச் சற்றும் மறைக்கவில்லை. 18 வயதில் வேட்டைக் களைப்பில் தொடங்கிய மது, ஒரு நாளைக்கு இருமுறை வடித்த சாராயம் 20 கிண்ணம் என்றாகியது. கை நடுக்கத்தால் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் மற்றவர்கள் ஊட்டவேண்டி வந்ததென்று அவரே எழுதுகிறார். ஹகீம் ஹுமாம் என்ற வைத்தியர் ஆறு மாதம் இப்படியே போனால் பிறகு வைத்தியம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றிலிருந்து சாராயத்தில் திராட்சை மதுவைக் கலந்து வீரியத்தைக் குறைத்து, ஏழு ஆண்டுகளில் 20 கிண்ணத்தை ஆறாக்கினார் ஜஹாங்கீர். மது குறைந்த இடத்தை ஓரளவு அபின் பிடித்துக்கொண்டது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

அவருடைய தம்பி தானியாலின் கதை இதற்கு நேர்மாறானது. மது எட்டாதபடி அவரைச் சுற்றிக் காவல் போட்டார்கள். காவலை ஏமாற்றித் துப்பாக்கிக் குழாய்க்குள் சாராயத்தை ஊற்றி எடுத்து வந்து கொடுத்தான் ஒருவன். துருவும் மருந்தும் கலந்த அந்தச் சாராயமே தானியாலைக் கொன்றது. தான் ஆசையாக வைத்திருந்த அத்துப்பாக்கிக்கு ஜனாஸாவைக் குறிக்கும் பெயரொன்றை அவர் முன்னமே சூட்டியிருந்தார் என்கிறது ஜஹாங்கீரின் குறிப்பு. ஒரே தகப்பனின் பிள்ளைகள். ஒருவருக்கு வைத்தியர் வந்தார், மற்றவருக்குக் காவல் வந்தது. இதை வாசித்தபோது நான் வாங்கிய பூட்டுத்தான் என் கண்ணில் நின்றது.

*

நமது நாட்டின் கதைக்கு வருவோம். பிரித்தானியர் காலத்தில் இலங்கையில் அபின் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. அதில் அரசாங்கத்துக்கு வருமானமும் இருந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்த பின்னர் விடயத்தை ஆராய 1907 இல் குழு அமைந்தது. 1910 தொடக்கம் விற்பனை அரசின் கைக்கு வந்தது. ஏற்கெனவே பழகியவர்கள் பெயரைப் பதிந்துகொண்டு தமக்குரிய அளவைப் பெறலாம், புதியவர்களுக்கு இல்லை. காலனி அரசின் கணக்குப் புத்திக்கு அப்பாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு விவேகம் இருந்தது. பழகிய உடம்பை ஒரே நாளில் வெறுங்கையோடு வீதியில் விடக்கூடாது என்பதை அது ஏற்றுக்கொண்டது.

1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இதன் தொடர்ச்சியாகும். 1980 களின் தொடக்கத்தில் ஹெரோயின் வந்ததும் சட்டத்தின் முகம் மாறியது. 1984 இல் திருத்தம் வந்து, 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்றானது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அதே ஆண்டின் சட்டத்தால் உருவானது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளுக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கென்றே வந்தது. தானாக வருபவருக்கும் வழி வைத்தது. நீதவான் கட்டளையால் கட்டாயமாக அனுப்பவும் வழி வைத்தது.

கட்டாய வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பொலனறுவை மாவட்டத்துக் கந்தக்காடு நிலையம் 2022 ஜூனில் காட்டியது. அங்கே மோதல் ஏற்பட்டு ஒருவர் இறந்தார். நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். அதே ஆண்டு புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் கண்டது. திருத்தங்களுடன் அது 2023 இல் சட்டமாகியது. 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதாகினர். தொடர்ந்து எடுத்துவந்தவன் கைதான அன்றே உடம்பின் துடிப்பும் தொடங்கிவிடும். சிறைக்கூண்டில் அதை யார் கவனிப்பது?

வேறு வழியும் இருந்திருக்கிறது. சென்னையில் மதுப் பழக்கத்துக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். குடித்தவரோடு அவருடைய குடும்பத்தையும் நோயின் பகுதியாகக் கண்டு சிகிச்சை கொடுத்த இடம் அது.

*

என் மருமகன் 11 நாட்கள் வார்ட்டில் இருந்தான். பக்கத்தில் இருந்து கண்டதையும், கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். நமது வீடுகளுக்கு இது தேவைப்படும்.

முதலில் கேள்விகள்: என்ன, எவ்வளவு, எத்தனை காலம், கடைசியாக எப்போது. பிறகு சிறுநீர், இரத்தப் பரிசோதனை. சில மணிக்கொரு தடவை நாடி, இரத்த அழுத்தம், வியர்வை, நடுக்கம், கண்மணியின் அளவு பார்த்துப் புள்ளி இடுகிறார்கள். புள்ளிக்கேற்ப மருந்து கூடும், குறையும்.

ஹெரோயினை விட்டால் 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கும். மயிர்க்கூச்செறியும். இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் உச்சம். வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, வயிற்றோட்டம், எலும்புக்குள் வலி, கால்கள் தாமாக உதைத்தல், நித்திரையின்மை. ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பகுதி அடங்கும். இது பெரும்பாலும் உயிரைக் கொல்வதில்லை. ஆனால் வாந்தியும் வயிற்றோட்டமும் உடம்பின் நீரை வற்றச் செய்தால் கொல்லும். அதனால்தான் அங்கே ஜீவனியும் சேலைனும் முதல் மருந்துகள். துடிப்பைத் தணிக்கக் குளோனிடின் கொடுக்கிறார்கள். பல நாடுகளில் மெதடோனோ பியூப்ரினோர்பினோ கொடுத்து மெல்லக் குறைக்கிறார்கள் அல்லது நீண்டகாலம் தொடர்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005 இல் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஷீராஸி இதைக் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

மதுவும் நித்திரைக் குளிசைகளும் வேறு வகை. நெடுநாள் பெருங்குடி குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளளவில் இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் பிதற்றலும் வரலாம். கவனிக்காவிட்டால் அது மரணம். டயசபாம் போன்ற மருந்தை அளவிட்டுக் கொடுத்துக் குறைப்பதும், தயமின் விற்றமின் ஏற்றுவதும் இதற்கான சிகிச்சை. குளிசைப் பழக்கத்தைக் குறைக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் தேவை. என் மருமகன் வீடு வந்த பிறகும் அவனுடைய குளிசைகள் ஒரு வாரத்துக்கு மட்டுமே ராத்தாவின் கையில் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு வாரமும் அளவு கொஞ்சம் குறைந்தது.

ஐஸ் என்னும் போதையை விடுபவருக்கு வாந்தியோ துடிப்போ பெரிதாக இருக்காது. தூங்குவார், தின்பார், பிறகு இருண்ட மனச்சோர்வில் விழுவார். அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் வரலாம். அவரைத் தனியே விடக்கூடாது. அறையில் பூட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் ஒன்று. இதை ஒரு ஜனாஸாத் தொழுகையில் நின்றுதான் நான் படித்தேன். எங்கள் பக்கத்து ஊரொன்றின் பிள்ளை. பல மாதம் ஓரிடத்தில் வைக்கப்பட்டிருந்து, உடம்பு தேறி, முகம் தெளிந்து திரும்பியிருந்தான். வீடு வந்த ஒரு வாரத்தில் பழைய கூட்டாளிகளோடு பழைய அளவையே எடுத்தான். அந்த அளவைத் தாங்கும் உடம்பு அப்போது அவனிடம் இல்லை. மூச்சு நின்றுவிட்டது. விட்டவனுக்குப் பழைய அளவே விஷம் என்பதை அங்கிருந்து அனுப்பும்போது அவனிடமோ வீட்டாரிடமோ யாரும் சொல்லியிருக்கவில்லை. மக்காவில் அல்பிரூனி கண்டதன் மறுபக்கம் இது. ஏறிய படிகளில் உடம்பு இறங்கிவிட்டால் மறுபடி உச்சியில் கால் வைக்க முடியாது.

*

மதுவிலக்கு ஒரே வசனத்தில் இறங்கவில்லை, படிப்படியாகவே வந்தது என்பதைச் சிறுவயதில் மத்ரஸாவில் படித்தோம். அதை மனித இயல்பறிந்த ஹிக்மத் என்று மேடைகளில் பேசுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை துடிக்கும்போது, மூன்று நாள் தாங்காதவன் ஈமான் இல்லாதவன் என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ராத்தாவின் ஓதல் அவவையும் தாங்கியது, அவனையும் தாங்கியது. ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்திருக்க வேண்டும்.

என் மருமகன் 2023 இல் ஒரு தடவை சறுக்கினான். அந்த முறை அவன் அறை கேட்கவில்லை. "மாமா, கிளினிக்குக்குப் போவோமா?" என்று கேட்டான். அதிகாலைப் பஸ்ஸில் போனோம். இப்போது கடலுக்குப் போகிறான். நித்திரை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்கிறான். திரும்ப மாதங்கள், வருடங்களும் ஆகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

இப்போதெல்லாம் இரவில் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். பெரும்பாலும் உம்மாமார். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "மகன அறைக்குள்ள போட்டிருக்கம், என்ன செய்யலாம்?" என்கிறார்கள். நான் அந்த டொக்டரின் இரண்டு கேள்விகளையும் கேட்கிறேன். பிறகு பூட்டைத் திறக்கச் சொல்லி, ஓட்டோவைக் கூப்பிடுகிறேன்.