பழவேற்காட்டிற் பறங்கியர் குடியேற்றம்

தொண்டை நன்னாட்டின் வடகிழக்கெல்லையில், எளாவூர்க்குக் கிழக்கே பழவேற்காட்டேரி பரந்து கிடக்கின்றது. ஏரிக்கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. திருப்பாலைவனத்தைக் கடந்து கிழக்கே சென்றால், முகத்துவாரத்தை அடுத்து நிற்கும் பழவேற்காடு என்னும் ஊரை அடையலாம். இன்று மீன்பிடி ஊராகிய இது, 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விசயநகரப் பேரரசின் தலையாய துறைமுகங்களுள் ஒன்றாய் விளங்கிற்று. பெருங்கலங்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கப் பண்டங்கள் சிறுபடகுகளில் ஏறியிறங்கின. இங்கிருந்து சென்ற வண்ணச்சீலைகள் மலாக்காவில் விலைப்பட்டு நறுமணப் பொருள்களாய் மீண்டன.

இத்துறையிற் போர்த்துக்கேசியர் குடிபுகுந்த வரலாறு ஊன்றி நோக்கற்பாலது. கி. பி. 1498-இல் வாசுகோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தான். அல்புகெர்க்கு என்பான் 1510-இற் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் கைப்பற்றினான். அக்காலத்துப் போர்த்துக்கலின் மக்கட்டொகையோ 15 இலட்சத்துக்கு மேற்படாது. அத்துணைச் சிறு நாடு பிரேசில் முதல் மக்காவு வரை ஆளனுப்பிய தெங்ஙனம் எனின், கூறுதும். கலமேறி வந்தோருட் பெண்டிர் மிகச் சிலரே. ஆகலின் அல்புகெர்க்கு தன் வீரர் இந்நாட்டு மகளிரை மணந்து இங்கேயே குடியிருக்குமாறு ஊக்கினான். அவர் வழிவந்த மக்கள் குடியேற்றங்களை நிரப்பினர். ஊதியம் முறையாகப் பெறாத வீரர் பலர் அரசன் பணியைத் துறந்து தம்பொருட்டு வாணிகத்தில் இறங்கினர். இன்னோரை அவர்மொழி 'சட்டிம்' என்றது. அது நம் 'செட்டி' என்னுஞ் சொல்லே. மேசை, சாவி, ஏலம் என்பன அவர்பால் நாம் பெற்றவை என்பது பலரும் அறிந்தது. அவர் நம்பாற் கொண்டதை அறிவார் சிலர். நம் சொல்லைக் கொண்டு அதனை இழிவுப்பொருளில் வழங்கியதுதான் வியப்பு.

1520-ஐ அடுத்த ஆண்டுகளிற் பழவேற்காட்டில் நிலைகொண்டோர் பெரும்பாலும் இத்தகையோரே. கோவாவிற் குற்றம் புரிந்து தப்பியோடினார்க்கும் இக்கரை புகலிடமாயிற்று. கோட்டையின்றி, விசயநகர அதிகாரிகட்குச் சுங்கம் செலுத்தி, உள்நாட்டு வணிகரோடு கூடி வாழ்ந்தனர். அரசன் ஆணை அவர்பின்னே மெல்ல வந்ததன்றி முன்னே வந்ததில்லை.

பழவேற்காட்டில் அடங்கியிருந்த அவ்வினத்தார் மயிலாப்பூரில் அங்ஙனம் இருந்திலர். 1523-இல் தோமையர் கல்லறை என அவர் கருதிய இடத்தை அகழ்ந்தபின் சாந்தோம் குடியேற்றம் விரைந்து பெருகிற்று. கடற்கரையில் விளங்கிய பழைய கபாலீச்சரம் அவர் கையால் அழிந்ததென்பது வழிவழி வருஞ் செய்தி; சாந்தோமிற் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதற்குத் துணைநிற்கின்றன. ஞானசம்பந்தர் பாடிய தலத்துக்கு நேர்ந்த இவ்விடர் அரசன் படையால் விளைந்ததன்று. குடியேறினார் தொகை மிக்கதனால் விளைந்தது. விசயநகரத்து இராமராயர் 1559-ஐ ஒட்டிப் படையொடு வந்து அவரை ஒறுத்துப் பொருள் கொண்டார். எனினும் ஊர் அவர் கையிலேயே நின்றது.

பழவேற்காட்டின் நிலை வேறாயிற்று. ஒல்லாந்தர் 1610-இல் விசயநகர மன்னர் வேங்கடபதியின் இசைவு பெற்று அங்கே பண்டகசாலை நிறுவினர். சாந்தோம் பறங்கியர் 1612-இல் அதனைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையைக் கட்டி முடித்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கோட்டையின்றி வாழ்ந்த பறங்கியர் பின்னர் அத்துறையில் தலையெடுத்திலர்.