லக்னோவில் ஒரு நாள்

சோக வரலாறு நிறைந்த இடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் தயங்குவது இயல்பு. லக்னோவில் ஒரு பகல் கழித்த பின் எம் தயக்கம் நீங்கிற்று.

காலையில் ரெசிடென்ஸியைக் கண்டோம். 1857 ஜூன் இறுதி முதல் நவம்பர் வரை முற்றுகையிடப்பட்ட அம்மாளிகைகள், குண்டு துளைத்த சுவர்களோடு இன்றும் நிற்கின்றன. கிளர்ச்சிக்குத் தலைமை பூண்ட பேகம் ஹஸ்ரத் மகால், பணிய மறுத்து நேபாளம் சென்று, 1879-இல் காத்மாண்டுவில் மறைந்தார்.

தமிழர்க்கும் இந்நகரோடு தொடர்புண்டு. அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமை இழைத்த சென்னைப் பியூசிலியர் படைத்தலைவன் நீல், 1857 செப்டம்பர் 25-இல் இந்நகர்த் தெருவிலேதான் மாண்டான். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவன் சிலையை அகற்றக் கோரி 1927-இல் தொண்டர் பலர் சிறை புகுந்தனர். 1937-இல் சிலை அகன்றது. இதைக் கேட்ட சிறுவர் நெடுநேரம் பேசவில்லை.

பிற்பகலில் பெரிய இமாம்பாரா. மாடியிலுள்ள பூல்புலையாவில் ஒன்றுபோல் தோன்றும் வழிகளிலே சிறுவர் ஓடி ஒளிந்தனர். வழிகாட்ட முன்வந்த பெரியோரே புறப்பட்ட இடத்திற்குத் திரும்பி வந்து நின்றனர். ஒரே சிரிப்பு!

ஆயின் அக்கட்டடமும் பசியிலே பிறந்ததே. 1784-இல் பஞ்சம் வாட்டியபோது, மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கவே நவாப் ஆசபுத்தௌலா அதனைத் தொடங்கினார். சுமார் 50 மீட்டர் நீண்ட நடுமண்டபத்தில் உத்திரமும் இல்லை, இடைத்தூணும் இல்லை. பசித்தோர் கைகள் எழுப்பிய வியப்பு அது!

குழந்தைகளிடம் துயரத்தை மறைக்க வேண்டுவதில்லை. ஆடிக் களைத்த வேளையில் கேட்ட வரலாறு எளிதில் மறவாது.