மிளகாய் வகைகளும் காரமும்

மிளகாய் என்பது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த கேப்சிகம் பேரினத் தாவரங்களின் காய் ஆகும். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். இப்பேரினத்தில் ஐந்து சிற்றினங்கள் பயிரிடப்படுகின்றன. இந்திய வகைகளுள் பெரும்பாலானவை கேப்சிகம் ஆனம் என்னும் சிற்றினத்தைச் சேர்ந்தவை.

பெயரும் வரலாறும்

மிளகு, காய் ஆகிய இரு சொற்களும் இணைந்து மிளகாய் என்றாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக மிளகாய் இந்தியா வரும்வரை, தமிழர் சமையலில் காரத்திற்கு மிளகே முதன்மையாகப் பயன்பட்டது.

காரத்தின் காரணம்

கேப்சைசின் என்னும் வேதிப்பொருளும் அதனை ஒத்த சேர்மங்களுமே காரத்திற்குக் காரணம். இவை காயின் உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் திசுவில் உருவாகின்றன. விதையில்தான் காரம் உள்ளது என்பது தவறான கருத்தாகும். அத்திசுவைத் தொட்டிருப்பதாலேயே விதை காரமாக இருக்கிறது. நாவில் வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பிகளைக் கேப்சைசின் தூண்டுவதால், உண்மையில் சூடு இல்லாதபோதும் எரிச்சல் தோன்றுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பறவைகளின் ஏற்பிகளைக் கேப்சைசின் தூண்டுவதில்லை. ஆகவே அவை பழங்களை உண்டு விதைகளைப் பரப்புகின்றன.

அளவீடு

1912இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் காரத்தை அளக்கும் முறையை உருவாக்கினார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் எத்தனை மடங்கு கரைத்தால் காரம் தெரியாமற் போகிறதோ, அதுவே ஸ்கோவில் அலகு ஆகும். தற்போது கேப்சைசின் அளவு கருவி மூலம் நேரடியாகக் கண்டறியப்பட்டு இவ்வலகிற்கு மாற்றப்படுகிறது. குடைமிளகாயின் அளவு சுழியம். தூய கேப்சைசின் 1.6 கோடி அலகுகள்.

சில வகைகள்

* குண்டு மிளகாய் - உருண்டை வடிவம், தடித்த தோல். இராமநாதபுரம் மாவட்டத்தில் மானாவாரியாகப் பயிராகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தாளிக்கவும் மோர் மிளகாய்க்கும் ஏற்றது.
* சம்பா மிளகாய் - நீண்டு மெலிந்தது. குண்டு மிளகாயைவிடக் காரம் மிகுந்தது. தூளுக்கு ஏற்றது.
* காந்தாரி மிளகாய் - கேப்சிகம் புரூட்டசன்சு இனம். சிறிய காய்கள் மேல்நோக்கி நிற்கும். கடுங்காரம். கன்னியாகுமரி, கேரளப் பகுதிகளில் புகழ்பெற்றது.
* குண்டூர் சன்னம் - ஆந்திர வகை. ஏறத்தாழ 35,000 முதல் 40,000 அலகுகள்.
* பியாடகி - கர்நாடகத்தின் ஆவேரி மாவட்ட வகை. சுருங்கிய தோல், அடர் சிவப்பு நிறம், குறைந்த காரம்.
* பூத் சோலோக்கியா - வடகிழக்கு இந்திய வகை. 10 இலட்சம் அலகுகளைக் கடந்து 2007இல் கின்னஸ் சாதனை படைத்தது. 2023இல் இச்சாதனையைப் பெற்ற அமெரிக்காவின் 'பெப்பர் எக்ஸ்' 26.9 இலட்சம் அலகுகள் கொண்டது.

நிறமும் கலப்படமும்

சிவப்பு நிறத்திற்குக் காரணம் கேப்சாந்தின் முதலிய நிறமிகள். இவற்றிற்கும் காரத்திற்கும் தொடர்பில்லை. எனினும் நல்ல சிவப்பே தரத்தின் அடையாளம் எனக் கருதப்படுவதால், மிளகாய்த்தூளில் சாயம் கலக்கப்படுவதுண்டு. புற்றுநோய் ஏற்படுத்தக்கூடியதெனக் கருதப்படும் சூடான்-1 சாயம் இந்திய மிளகாய்த்தூளில் காணப்பட்டதால், 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிக்குச் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கியது. 2005இல் இதே காரணத்தால் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப்பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. தூளை நீரில் தூவிப் பார்க்கும் வீட்டுச் சோதனை, நீரில் கரையும் சாயங்களை மட்டுமே காட்டும். சூடான் சாயங்கள் எண்ணெயில் கரைபவை என்பதால் அவற்றை ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய இயலும்.

ஒகேனக்கல் மீன் வறுவல்

தர்மபுரி மாவட்டத்தின் ஒகேனக்கலில், சுற்றுலாப் பயணிகள் வாங்கித் தரும் மீன்களை அங்குள்ள பெண்கள் மிளகாய் மசாலா தடவி வறுத்துத் தருவது வழக்கம். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே இவ்வறுவலின் காரம் தண்ணீர் குடிப்பதால் தணிவதில்லை. பாலின் கேசின் புரதம் கேப்சைசினைப் பிரித்தெடுப்பதால் தயிரும் மோரும் பயன் தருகின்றன. காவிரியின் மறுகரை கர்நாடகம் ஆகும். அம்மாநில அரசு 2024 சூன் மாதம் கோழி, மீன் கபாப் உணவுகளில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதைத் தடை செய்தது. செயற்கை நிறமி சேர்க்காமல் செந்நிறம் பெற பியாடகி போன்ற வகைகளின் தூள் உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

* மிளகு
* மோர் மிளகாய்
* ஒகேனக்கல் அருவி