எம்.சி. 1, எம்.சி. 3: துறைமுகத்தில் தொடங்கிய ஒரு கார் வரலாறு

முகத்துவாரக்குப்பத்துக்கு வடக்கே, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டினால் காமராஜர் துறைமுகம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகமாகத் திறக்கப்பட்ட இங்கிருந்துதான், ஓரகடத்தில் தயாராகும் நிசான் கார்கள் 2010 முதல் கப்பலேறுகின்றன. நூறாண்டுக்கு முன்பு சரக்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. சீமையில் செய்த கார் கப்பலில் வந்து சென்னையில் இறங்கும். அதை வாங்க முடிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சிலர் யார்? சென்னை மாநகரப் பதிவெண்கள் ஒரு தடம் காட்டுகின்றன. முதல் எண்ணான எம்.சி. 1, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது என்றும், எம்.சி. 3 கட்டட ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியின் பிரெஞ்சுக் காருக்கு உரியது என்றும் நகர வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இந்நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் செட்டியார்தான் என்பதும் அவை தரும் செய்தி. ஜமீன்தார்களையும் மகாராஜாக்களையும் எதிர்பார்த்துத் தேடுபவருக்கு இப்பட்டியல் வியப்பளிக்கும். ஒருவர் துறைமுகத்தைத் திருத்திக் கட்டிய பொறியாளர். மற்றவர் நகரத்தையே கட்டியவர்.

அயர்லாந்துக்காரரான ஸ்பிரிங் 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்றார். கிழக்கு நோக்கியிருந்த பழைய வாயில் புயலுக்கும் மணலுக்கும் ஈடுகொடுக்கவில்லை. அதை அடைத்து வடகிழக்கில் புது வாயில் அமைத்தது அவர் காலத்துப் பெரிய வேலை. அவருக்கு முன்பே தொடங்கிய ஒரு விளைவு, இன்றுவரை வடசென்னையை விடவில்லை. துறைமுகக் கற்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கடலோடு நகரும் மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. மீனவர் குப்பங்கள் நிலம் இழந்தன. கார் இறங்கிய துறைமுகத்துக்கு வடகரைக்காரர்கள் கொடுத்த விலை அது.

நம்பெருமாள் செட்டியின் கதை வேறு மாதிரி. 1892-இல் முடிந்த உயர் நீதிமன்றம், 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் விக்டோரியா நினைவு மண்டபம் எனச் சென்னையின் செங்கல் சிவப்பு முகத்தில் பாதி அவர் ஒப்பந்தத்தில் எழுந்தது. அவர் வாங்கிய காரைச் செய்த டி டியோன்-பூட்டன் அன்று உலகின் முன்னணி கார் நிறுவனம். 1900-இல் மட்டும் 400 கார்களையும் 3,200 இயந்திரங்களையும் அது தயாரித்தது. பிரெஞ்சுப் பிரபு டி டியோன் பணம் போட, பொம்மை இயந்திரங்கள் செய்துவந்த பூட்டன் கைத்திறனைப் போட்டார். அக்காலத்து டி டியோன் வண்டிகள் பலவற்றில் ஒற்றை சிலிண்டர்தான். கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் இயந்திரம் உயிர்பெறும். இன்று ஸ்கூட்டரில் இருப்பதைப் போன்ற அந்தச் சிறு இயந்திரம் அன்று பெரும் ஆடம்பரம்.

இரு சொந்தக்காரர்களையும் இணைப்பவர், சொந்தக் கார் கனவிலும் இல்லாத ஒரு குமாஸ்தா. 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் துறைமுகக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். அவருடைய கணித ஆய்வுக்கு உதவித்தொகை கிடைக்க ஸ்பிரிங் அரசு வட்டாரங்களில் பரிந்து பேசினார். 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்தே ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நோயோடு திரும்பியவர் கடைசி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில், நம்பெருமாள் செட்டி கொடுத்த வீட்டில். 1920 ஏப்ரல் 26 அன்று அங்கேயே காலமானார்.

கார் பிரபுக்களின் வாசலைவிட்டு இறங்க மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இதில் எண்ணூருக்குப் பங்குண்டு. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1949 முதல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பூட்டியவர்கள் வடசென்னைத் தொழிலாளர்கள். 1,200 சி.சி. இயந்திரம் கொண்ட இந்த வண்டியை டாக்டரும் வக்கீலும் வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1955-இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் முழுதாக மாறியது. எண்ணூரின் கார்க் காலம் அத்தோடு முடிந்தது.

இந்த வரலாற்றில் சொந்தக்காரர்களின் பெயர் நிற்கிறது; வண்டியைக் கப்பலிலிருந்து இறக்கியவர், ஓட்டியவர், பட்டறையில் பழுது பார்த்தவர் பெயர்கள் இல்லை. அவை பழைய பதிவுச் சான்றிலும் ஓட்டுநர் உரிமத்திலும் தொழிற்சாலை அடையாள அட்டையிலும்தான் இருக்கும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் அப்படி ஒரு காகிதம் பெட்டியடியில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அதன் நகலையாவது கொடுங்கள்.