நூறு ரூபாய்க்கு எழுபது பைசா: ஒரு 0.7 சதவீதக் கதை

 

1970 அக்டோபர் 24. ஐநா பொதுச்சபையில் ஒரு தீர்மானம். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு உதவியாகத் தரவேண்டும். கெடு 1975.

அதென்ன கணக்கு 0.7?

முதலில் பேசப்பட்டது 1 சதவீதம். 1958லேயே உலக தேவாலயங்களின் மன்றம் இதைக் கேட்டது. பிறகு ஐநாவும் 1 சதவீதம்னு சொன்னது, ஆனா அதில் தனியார் முதலீடும் சேர்த்தி. கம்பெனிக்காரன் எங்க முதலீடு பண்ணுவான்னு அரசாங்கம் எப்படி வாக்கு கொடுக்கும்? அதனால் அரசு தரும் உதவியை மட்டும் தனியாகப் பிரித்தார்கள். பொருளாதார அறிஞர் டின்பெர்கன் 0.75 என்றார். 1969ல் கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையிலான குழு 0.7 என்று முடித்தது.

தீர்மானத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு. "தருவோம்"னு இல்ல, "முழு முயற்சி எடுப்போம்"னுதான் இருந்தது. சுகர் பேஷண்ட்டை தினமும் நடக்கச் சொன்னா "ட்ரை பண்றேன் டாக்டர்"னு சொல்வாங்களே, அதே கதைதான்.

ஸ்வீடன் 1974ல் எட்டியது. நெதர்லாந்து, நார்வே, டென்மார்க் அடுத்தடுத்து வந்தன. அமெரிக்கா இந்த இலக்கையே ஏற்கவில்லை. பியர்சனின் சொந்த நாடான கனடா? இன்றுவரை ஒரு வருஷம்கூட 0.7ஐத் தொட்டதில்லை!

பிரிட்டன் 2013ல் தொட்டது. 2015ல் சட்டமே போட்டது. 2021ல் 0.5 ஆகக் குறைத்தது. ராணுவச் செலவுக்காக 2027ல் 0.3 ஆகும்னு 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

இதுல இன்னொரு கூத்து. அகதிகளைத் தன் நாட்டிலேயே தங்கவைக்க முதல் வருஷம் ஆகும் செலவையும் "வெளிநாட்டு உதவி"ன்னு கணக்கு காட்டலாம். 2022ல் பிரிட்டனின் உதவித்தொகையில் கால்வாசிக்கு மேல் இப்படி உள்நாட்டிலேயே செலவானது. அகதிக்குச் செய்வது நல்ல காரியம்தான். ஆனா அதுக்கு ஆப்பிரிக்கக் கிராமத்து தடுப்பூசிக் காசா கிடைச்சுது?

அமெரிக்காவையும் நியாயமா பேசணும். சதவீதத்தில் கடைசி வரிசைதான், ஆனா மொத்தத் தொகையில் 2024 வரை பல வருஷமா அதுதான் முதலிடத்தில் இருந்தது. 2003ல் புஷ் தொடங்கிய பெப்ஃபார் திட்டத்தால் கோடிக்கணக்கானோர் எச்ஐவி மாத்திரை பெற்றார்கள்.

2025 ஜனவரியில் அந்த உதவிக்கு ஒரே உத்தரவில் தடை. உயிர்காக்கும் மருந்துக்கு விலக்குன்னு பிறகு சொன்னாங்க. ஆனா பல இடங்களில் மாத்திரையை எடுத்துக்கொடுக்கும் ஊழியருக்குச் சம்பளம் நின்று, கிளினிக்கே மூடியாச்சு.

ஒரு டாக்டரா எனக்கு வயிறு கலங்கியது இங்கதான். ஏஆர்டி மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாத வைரஸ் உருவாகலாம். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தைக்கும் பரவலாம். நம்ம ஊர்ல இந்த மாத்திரை பெரும்பாலும் நம்ம அரசோட காசுல வருது, அதனால எங்க ஓபியில் அன்னைக்கும் வரிசை வழக்கம்போல நகர்ந்தது.

2024 கணக்குப்படி பணக்கார நாடுகளின் சராசரி 0.33 சதவீதம். இலக்கை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க். நாலே நாலு.