ஒரே புல்லை நம்பி நிற்கும் பால்வளம்

பால் விலை உயரும்போதெல்லாம் கொள்முதல் விலை, கலப்புத் தீவன விலை, மானியம் ஆகியவற்றைப் பற்றி விவாதிக்கிறோம். மாட்டின் முன் அன்றாடம் விழும் பசும்புல்லைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பால் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே செல்கிறது. அந்தத் தீவனத்தின் அடித்தளம் எவ்வளவு குறுகியது என்பது தாவரவியலாளர்களுக்கு மட்டுமல்ல, என் போன்ற பொருளியல்காரர்களுக்கும் உரிய கேள்வி.

தமிழகத்தில் பசுந்தீவனம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். நம் நாட்டுக் கம்பையும், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நேப்பியர் புல்லையும் இணைக்கும் இந்த முயற்சி 1953-இல் கோவையில் வெற்றி பெற்றது. கம்பில் 14 குரோமோசோம்கள், நேப்பியரில் 28. இரண்டும் சேர்ந்த ஒட்டுப்புல்லில் 21. இந்த ஒற்றைப்படை எண்ணால் அது முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே தண்டுக் கரணைகளைக் கொண்டே பயிரிடுகிறோம். அண்டை வீட்டாரிடம் வாங்கி நட்ட கரணை, அவர் தோட்டத்துப் புல்லின் அச்சுப் பிரதி. அவ்வாறே கைமாறிச் செல்லும்போது, ஓர் இரகம் பரவிய இடமெங்கும் வளர்வது மரபியல் நோக்கில் ஒரே செடிதான்.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. கோ-4 போன்ற இரகங்கள் ஓர் ஹெக்டேரில் ஆண்டுக்கு 380 டன் அளவுக்குப் பசுந்தீவனம் தரவல்லவை என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. கால் ஏக்கர் வைத்திருக்கும் பெண்கூட இரண்டு கறவை மாடுகளை வளர்க்க முடிவது இதனால்தான். ஆனால், எல்லாச் செடியும் ஒன்றே எனில், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும்.

கென்யாவில் இது நிகழ்ந்தது. அங்கும் சிறு விவசாயிகளின் பால்மாடுகளுக்கு முதன்மைத் தீவனம் நேப்பியர்தான். அங்கும் கரணைகள் கைமாறியே பரவுகின்றன. முதலில் கரிப்பூட்டை நோய் தாக்கியது. பிறகு, தத்துப்பூச்சிகளாலும் நோயுற்ற கரணைகளாலும் பரவும் குட்டை நோய் வந்தது. புல் மஞ்சளித்துக் குறுகியது. புல்லை இழந்தவர்கள் காசு கொடுத்துத் தீவனம் வாங்கவோ மாட்டை விற்கவோ நேர்ந்தது. கரிப்பூட்டையைத் தாங்கும் வகைகள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. அவை புதிதாகப் படைக்கப்பட்டவை அல்ல. சேகரித்துக் காக்கப்பட்ட பலவகை நேப்பியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை.

பிரேசிலின் கதையும் இதுவே. அந்நாட்டின் பரந்த மேய்ச்சல் நிலங்களை ஆப்பிரிக்கப் பிரேக்கியாரியா புல்லின் ஓரிரு வகைகளே மூடியிருந்தன. சாறுறிஞ்சும் பூச்சியொன்று அவற்றை அழித்தபோது, அதைத் தாங்கும் மராண்டு என்னும் வகை 1984-இல் வெளியிடப்பட்டது. உடனே கோடிக்கணக்கான ஏக்கர்களில் மராண்டு மட்டுமே நடப்பட்டது. நீர் தேங்கும் பகுதிகளில் அதுவும் பட்டுப்போனது. ஒரு குறுகிய அடித்தளத்திலிருந்து இன்னொரு குறுகிய அடித்தளத்துக்கு மாறியதே மிச்சம். ஏறத்தாழ அதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் அலைந்து திரட்டிய நூற்றுக்கணக்கான பிரேக்கியாரியா மாதிரிகள்தாம் பிற்காலப் புதிய இரகங்களுக்கு மூலப்பொருளாயின.

முதலீட்டுப் பாடம் நடத்தியபோது, சேமிப்பு முழுவதையும் ஒரே நிறுவனப் பங்கில் போடாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். புல்லில் இந்த அறிவுரையைப் பின்பற்றுவது கடினம். அதிக மகசூல் தரும் இரகத்தை நடுவதன் இலாபம் விவசாயிக்கு இன்றே கிடைக்கிறது. மகசூல் குறைந்த பழைய வகையைக் காப்பதன் பலனோ என்றோ, எங்கோ, யாருக்கோ கிடைப்பது. எனவே ஒவ்வொருவரும் தமக்குச் சரியானதையே செய்தும், ஊர் முழுவதும் ஆபத்தில் நிற்கிறது. பலருக்கும் பயன்படும் ஒன்றுக்குச் சந்தை விலை தராதபோது அரசு தலையிட வேண்டும் என்பது பொருளியலின் அரிச்சுவடி.

நம் கைவசம் உள்ள செல்வத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு கொழுக்கட்டைப் புல். காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களின் அடியில் வறட்சியைத் தாங்கி வளர்வது. காங்கேயம் மாடுகளை வளர்த்தது. இப்புல் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை தருகிறது. அதாவது சேய் தாயின் நகல். ஆகவே இதன் பன்மை ஒரே நிலத்தில் மட்டும் இருப்பதில்லை. வெவ்வேறு இடங்களில் நிலைபெற்ற வெவ்வேறு தாய்ச்செடிகளில் இருக்கிறது. ஒரு கொறங்காடு வீட்டுமனையானால், அந்த மண்ணுக்கே உரிய ஒரு வகை அதனோடு மறைந்துபோகக்கூடும். விதை விற்பனையாளரிடம் வாங்கி அதை ஈடுகட்ட இயலாது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மாவட்டந்தோறும் எஞ்சியுள்ள மேய்ச்சல் புல் வகைகளைத் திரட்டி மரபணு வங்கியிலும் வயலிலும் காக்க வேண்டும். மானியத்தில் கரணை வழங்கும்போது ஒரே இரகத்தைத் தராமல், நோயற்றவை என உறுதிசெய்த மூன்று நான்கு இரகங்களைக் கலந்து தரலாம். தீவனச்சோளம், வேலிமசால் போன்றவற்றுக்கும் ஊக்கம் அளிக்கலாம். கொறங்காட்டை விற்காமல் காக்கும் உரிமையாளருக்கு ஆண்டுதோறும் ஓர் ஊக்கத்தொகை தருவது நியாயமே. அவர் பொதுச்சொத்து ஒன்றைத் தம் செலவில் காத்து வருகிறார்.

கறவை மாட்டுக்குக் காப்பீடு செய்யச் சொல்லும் நாம், அது தின்னும் புல்லுக்கும் காப்பீடு செய்தாக வேண்டும். புல்லின் பன்மையே அந்தக் காப்பீடு. நோய் வந்த பிறகு அதை எந்த விலைக்கும் வாங்க முடியாது.