மனாசேயின் பேரன்: யோசியாவின் விசுவாசமும் குடும்ப மரபும்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம் ஊர்ச் சொல். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதரிடமும் இதற்கு நெருங்கிய பழமொழி ஒன்று வழங்கியது. பெற்றோர் தின்ற புளித்த திராட்சைக்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று அவர்கள் தங்கள் நிலையை நொந்துகொண்டார்கள். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் இந்தப் பழமொழியை அடியோடு மறுக்கிறது. அந்த மறுப்புக்கு வரலாற்றில் சான்று உண்டா? யூதாவின் அரசன் யோசியா (கி.மு. 640–609) என்பது என் விடை. ஆனால் பிரசங்கங்களில் வரும் யோசியா, கெட்ட வீட்டில் பிறந்தும் தானாகவே நல்லவனாக வளர்ந்த பிள்ளை. வேதநூல்கள் காட்டும் யோசியாவோ தன் குடும்பத்தின் தீமையைத் தன்னுடையதாக ஏற்று, அதை வெளிப்படையாகச் சொல்லி, அதன் பிறகே அதை வென்றவன்.

அந்த வீடு எப்படிப்பட்டது? பாட்டன் மனாசே 12 வயதில் அரியணை ஏறி 55 ஆண்டு ஆண்டவன். ஆலயத்துக்குள்ளேயே அந்நிய பலிபீடங்களைக் கட்டினான். தன் மகனையே தீக்கடக்கச் செய்தான். அந்தப் பிள்ளை யோசியாவுக்குப் பெரியப்பனோ சிற்றப்பனோ ஆகவேண்டும். தந்தை ஆமோன் இரண்டே ஆண்டு ஆண்டு, தன் ஊழியர் கையால் அரண்மனைக்குள்ளேயே கொலையுண்டு செத்தான். அப்போது அவனுக்கு வயது 24, யோசியாவுக்கு 8. மனாசே கடைசிக் காலத்தில் மனந்திரும்பினான் என்று நாளாகமம் சொல்கிறது. அதுவே பேரனைத் திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். பாட்டன் இறந்தபோது பேரனுக்கு வயது ஆறுதான். நாளாகம ஆசிரியரும் அந்த மனந்திரும்புதலை யோசியாவோடு எங்கும் இணைத்துப் பேசவில்லை. ஆகவே பாட்டனின் மனந்திரும்புதலே காரணம் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நாளாகமம் தரும் வேறொரு குறிப்பே முக்கியம். ஆட்சியின் எட்டாம் ஆண்டில், அதாவது 16 வயதில், யோசியா தன் தகப்பனாகிய தாவீதின் தேவனைத் தேடத் தொடங்கினான். பெற்ற தகப்பன் ஆமோன் இருக்க, பல தலைமுறைக்கு முந்திய தாவீது இங்கே தகப்பனாகிறான். அரச வரலாறுகளில் இது வழக்கமான சொல்லாட்சிதான் என்பது உண்மையே. ஆயினும் இந்த வாழ்க்கையில் அதற்குத் தனிக் கனம் உண்டு. விசுவாசம் அவனை மரபற்றவனாக ஆக்கவில்லை. அந்த மரபுக்குள்ளேயே மனாசேக்கு அப்பால் போய்ப் பற்றிக்கொள்ள ஒரு பிடியைக் கொடுத்தது. அந்தப் பிடியை அவன் தனியாளாகக் கண்டுபிடித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. தாய் எதிதாளின் பெயரை வேதம் விடாமல் பதிந்திருக்கிறது. சுற்றிலும் ஆசாரியன் இல்க்கியா, எழுத்தன் சாப்பான், தீர்க்கதரிசினி உல்தாள் ஆகியோர் இருந்தார்கள்.

கி.மு. 622இல், ஆலயம் பழுது பார்க்கப்படும்போது நியாயப்பிரமாண நூல் கிடைக்கிறது. சாப்பான் அதை அரசன் முன் வாசிக்கிறான். யோசியா தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். அவன் முதலில் சொன்னது, நம் பிதாக்கள் இந்நூலுக்குச் செவிகொடுக்கவில்லை, அதனால்தான் கோபம் நம்மேல் எரிகிறது என்ற பொருளில் அமைந்தது. ‘என் பாட்டன் செய்தான், நான் செய்யவில்லை’ என்று அவன் விலகி நிற்கவில்லை. குற்றத்தைச் செய்தவர் பிதாக்கள், கோபத்துக்கு உள்ளாகி நிற்பவர் நாம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்க்கிறான். பிறகு இன்னோம் பள்ளத்தாக்கிலிருந்த தோப்பேத்தை, இனி எவரும் தம் பிள்ளையை அங்கே தீக்கடக்கச் செய்யாதபடி, தீட்டுப்படுத்தினான். தன் வீட்டுப் பிள்ளை ஒன்றையும் தீ தொட்டிருக்கிறது என்ற நினைவோடு அந்த வரியைப் படித்தால், அதை வெறும் சமயச் சீர்திருத்தம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அசீரிய அரசன் அசூர்பானிபாலின் கடைசி ஆண்டுகளில் யூதாவின்மேல் அசீரியாவின் பிடி தளர்ந்தது; யோசியாவின் சீர்திருத்தம் அரசியல் விடுதலை முயற்சியே என்று வாதிடுவோர் உண்டு. காலச்சூழல் கைகொடுத்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பிடி தளர்ந்தது இன்னது செய்யலாம் என்ற வாய்ப்பைத்தான் விளக்கும். ஓர் அரசன் தன் குலத்தையே குற்றவாளியாக்கி உடை கிழித்ததை விளக்காது. அரசனைப் புகழ எழுதிய கதை இது என்ற ஐயமும் நிலைக்காது. அவன் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையால் மாண்டதையும், அவன் பிள்ளைகள் கெட்டுப்போனதையும் அதே இராஜாக்கள் நூல் மறைக்காமல் சொல்கிறது.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கட்டாயம் பேசவேண்டும். கி.மு. 609இல் 25 வயதில் அரசனான யோயாக்கீமுக்கு, நூல் வாசிக்கப்பட்ட ஆண்டில் 12 வயது இருந்திருக்கும். தகப்பன் உடை கிழித்த கதை அவன் அறியாததல்ல. அவனது ஆட்சியின் ஐந்தாம் ஆண்டின் ஒன்பதாம் மாதம், குளிர்கால மாளிகையில் கணப்பில் தீ எரிய, தீர்க்கதரிசி எரேமியாவின் சுருள் அவன் முன் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும், அந்தப் பகுதி எழுத்தனின் சூரிக்கத்தியால் அறுக்கப்பட்டுத் தீயில் விழும். சுருள் முழுதும் இப்படியே எரிந்து தீர்ந்தது. கேட்டவர்கள் தங்கள் உடைகளைக் கிழிக்கவில்லை என்று எரேமியா நூல் குறிப்பாகச் சொல்கிறது; தகப்பனையும் மகனையும் எதிரெதிரே நிறுத்துவதே அதன் நோக்கம் என்பது தெளிவு.

சுருளை எரிக்கவேண்டாமென்று மன்றாடியவர்களில் ஒருவன் கெமரியா, சாப்பானின் மகன். 1982இல் எருசலேமின் தாவீதின் நகரத்தில் இகால் சீலோ நடத்திய அகழாய்வில், சாப்பான் மகன் கெமரியாவுடையது என்று பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. பலரும் இவனையே அது குறிப்பதாகக் கொள்கின்றனர். கெமரியாவின் சகோதரன் அகீக்காம் எரேமியாவின் உயிரைக் காத்தவன். யோசியாவின் விசுவாசம் அவன் பிள்ளைகளிடத்தில் தங்காமல் அவன் எழுத்தன் வீட்டில் தங்கியது. அங்கும் முழுமையாக இல்லை: ஆலயத்துள் சுவரில் வரைந்த விக்கிரகங்களுக்குத் தூபங்காட்டியவர்கள் நடுவே சாப்பானின் மகன் யசனியாவை எசேக்கியேல் காண்கிறார். தீமை பரம்பரைச் சொத்தல்ல என்று ஒப்புக்கொண்டால், விசுவாசமும் அப்படி அல்ல என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். எசேக்கியேல் 18 காட்டும் மூன்று தலைமுறைகளில் மூன்றாவதில், தகப்பன் செய்த பாவங்களையெல்லாம் கண்டு, கண்டும் அவ்வழி போகாத மகன் பிழைக்கிறான். அந்தக் காணுதலை ஒருவனுக்காக இன்னொருவன் செய்ய முடியாது.

இந்த வெற்றிக்கு ஓர் எல்லையும் உண்டு. யோசியாவைப் போன்ற அரசன் முன்னும் பின்னும் இல்லை என்று சொன்ன அதே மூச்சில், மனாசேயின் செயல்களால் மூண்ட கோபம் தணியவில்லை என்கிறது இராஜாக்கள் நூல். உல்தாளும் அழிவு வரும் என்றே சொன்னாள். இளகிய நெஞ்சுடைய யோசியா அதைக் கண்ணால் காணமாட்டான் என்பது மட்டுமே அவள் கொடுத்த ஆறுதல். குடிகார அப்பனுக்கோ கொடுமைக்கார அப்பனுக்கோ பிறந்த பிள்ளையிடம், நம்பினால் வீட்டில் நடந்தது எல்லாம் அழிந்துவிடும் என்று நம் சபைகளில் சொல்லிவிடுகிறோம். யோசியாவுக்கு அப்படி ஒரு வாக்கு கொடுக்கப்படவில்லை. அப்பன் வழியை விட்டு நடக்கும் பெலனே அவனுக்குக் கிடைத்தது. அப்பனும் பாட்டனும் செய்தவற்றின் விளைவு அவன் நாட்டின்மேல் இருந்தபடியேதான் இருந்தது.